டப்பா கட்டிய லீக்

போன ஆடி மாதம் திருப்பூர் பக்கம் ஒரு ஃபினிஷிங் யூனிட்டுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் போயிருந்தேன். துணியை இழுத்துப் பிடித்துச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர் மெஷினுக்குத் தெர்மிக் ஆயில் (சூட்டைச் சுமந்துவரும் எண்ணெய்) வரும் குழாயில், ஒரு ஃபிளாஞ்சுக்கு, அதாவது போல்ட் போட்டு முடுக்கிய குழாய் இணைப்புக்குக் கீழே பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டிருந்தார்கள். டப்பாவில் முக்கால்வாசி கறுத்த எண்ணெய். பக்கத்தில் நின்ற ஃபிட்டரைக் கேட்டேன்.

"அது எப்பவும் சொட்டறதுதானுங்க சார். ஷிஃப்டுக்கு ஒருக்கா பையன் எடுத்துக் கொட்டிருவானுங்க."

எண்ணெய் ஓடும் இடத்தில் ஃபிளாஞ்ச் கசிவது புதிதல்ல. கசிவைவிட அந்தக் கம்பி முறுக்குதான் என்னை உறுத்தியது. அவ்வளவு நேர்த்தி. எடுத்து மாட்ட வசதியாகக் கொக்கி வேறு வளைத்திருந்தார்கள். ஒரு நாள் வேலையில் வருகிற நேர்த்தி இல்லை அது. அந்தக் கசிவு அங்கே குடித்தனம் வைத்து வெகு நாளாகிவிட்டது.

எனக்குக் கடற்படையில் பதினைந்து வருஷம் விமானப் பராமரிப்பு வேலை. பெரும்பகுதி அரக்கோணம் ராஜாளி தளத்தில், டியூ-142 என்ற நான்கு எஞ்சின் ரஷ்ய ரோந்து விமானத்தோடு கழிந்தது. (2017-இல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது, டூர் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.) இப்போது கோவையில் இருந்துகொண்டு மில், ஃபவுண்டரி, டையிங் யூனிட் என்று பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். "நம்ம ஊர்ல கடலே இல்லீங்களே, கடற்படைக் கதை எதுக்குங்க?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கோவாவில் இருக்கிற ஹன்சா கடற்படை விமானத்தளம் 1961-இல் தொடங்கப்பட்டது நம்ம சூலூரில்தான் என்று சொல்வேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

ரோந்து விமானம் என்றால் இங்கே பலருக்கு 2015 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிக் காணாமல் போன கடலோரக் காவல்படை டார்னியர்தான் நினைவுக்கு வரும். மூன்று பேர் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தேடிய பிறகு, பிச்சாவரத்துக்கு நேரே கடலில் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஆனால் நான் வகுப்பில் அதிகம் சொல்வது வேறொரு விமானத்தைப் பற்றி.

2006 செப்டம்பர் 2, ஆப்கானிஸ்தானில் காந்தஹார் அருகே. பிரிட்டனின் நிம்ராட் ரோந்து விமானம், எண் எக்ஸ்வி230. பிரிட்டனில் கடல் ரோந்து விமானப்படையின் பொறுப்பு. அன்று அது கடலை விட்டு வெகுதூரம் வந்து, தரைப்படைக்கு மேலிருந்து கண்காணித்துக்கொண்டிருந்தது. வானத்திலேயே இன்னொரு விமானத்திடம் எரிபொருள் வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குண்டு அறையில் தீ என்று எச்சரிக்கை வந்தது. காந்தஹார் தளத்தில் இறங்கத் திருப்பினார்கள். எச்சரிக்கை வந்து ஆறு நிமிடம் இருக்கும், நடுவானில் வெடித்துச் சிதறியது. 14 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

என்ன நடந்தது? நிரம்பி வழிந்ததோ, குழாய் இணைப்பில் கசிந்ததோ, கொஞ்சம் எரிபொருள் இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்குள் போய்விட்டது. அந்த அறை வழியாகத்தான் எஞ்சினிலிருந்து கொதிக்கும் காற்றைக் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. குழாயைச் சுற்றி வெப்பக் காப்பு உண்டு. ஆனால் காப்பு முழுதாக மூடவில்லை, அங்கங்கே இடைவெளி. அந்த இடைவெளி வழியே எரிபொருள் சூட்டைத் தொட்டது. அந்த அறையில் தீயைக் கண்டுபிடிக்கும் கருவியும் இல்லை, அணைக்கும் ஏற்பாடும் இல்லை.

இதை விசாரித்து சார்லஸ் ஹாடன்-கேவ் என்ற வழக்கறிஞர் 2009-இல் அறிக்கை கொடுத்தார். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சாதாரண வரலாறு. சூடான காற்றுக் குழாய் 1969 வாக்கில் விமானத்தோடு வந்தது. பத்து வருஷம் கழித்து, கருவிகளைக் குளிர்விக்க இன்னொரு கிளைக் குழாய் சேர்த்தார்கள். 1982 ஃபாக்லாந்து போரின்போது வானில் எரிபொருள் நிரப்பும் வசதியை அவசர அவசரமாக மாட்டினார்கள். 1989-இல் அதுவே நிரந்தரமாகிவிட்டது. மூன்றும் மூன்று காலத்தில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் அன்று ஒரு நியாயம் இருந்தது. கசியக்கூடியதும் கொதிப்பதும் இப்போது ஒரே அறையில் இருக்கின்றன என்று சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 2004-இல் இன்னொரு நிம்ராடில் அதே சூடான காற்றுக் குழாய் கிழிந்தது. அப்போதும் அதைத் தனிச் சம்பவமாகவே பார்த்தார்கள்.

அந்த விமானங்களில் எரிபொருள் கசிவு சகஜம் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. முப்பது வருஷம் பறந்திருக்கிறது, பாதுகாப்பானதுதான் என்று நம்பினார்கள். "எப்பவும் சொட்டறதுதானுங்க" என்று ஃபிட்டர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பாதுகாப்பு ஆவணம் இல்லாமலும் இல்லை. விபத்துக்கு முன்பே ஆபத்துகளைப் பட்டியல் போட்டுப் பெரிய கோப்பு தயாரித்திருந்தார்கள். அதில் 40 சதவீத ஆபத்துகள் முடிக்கப்படாமலும், 30 சதவீதம் வகைப்படுத்தப்படாமலும் கிடந்தன. கோப்பு மட்டும் முடிந்ததாக ஒப்படைக்கப்பட்டது. பையர் ஆடிட்டுக்கு (சரக்கு வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனைக்கு) முந்தின நாள் ராத்திரி நம்ம ஊரில் கோப்புகள் எப்படித் தயாராகின்றன என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பெர்முடா முக்கோணம் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் கதையிலும் ஒரு ரோந்து விமானம் உண்டு. 1945 டிசம்பர் 5 அன்று காணாமல் போன ஐந்து அவெஞ்சர் விமானங்களைத் தேடி, 13 பேரோடு ஒரு மரைனர் பறக்கும் படகு (தண்ணீரில் இறங்கி ஏறக்கூடிய விமானம்) கிளம்பியது. அதுவும் திரும்பவில்லை. மர்மம் என்பார்கள். தீ எழுந்து எரிந்ததையும் கடல்மேல் எண்ணெய் மிதந்ததையும் பார்த்ததாக அந்தப் பக்கம் போன ஒரு கப்பலே சொல்லியிருக்கிறது. மரைனருக்குப் 'பறக்கும் பெட்ரோல் டாங்க்' என்றே பட்டப்பெயர், உள்ளே எரிபொருள் ஆவி அவ்வளவு சேருமாம். முக்கோணத்தை விட்டுவிட்டு டாங்கைப் பார்க்கலாம்.

இயந்திரக் கோளாறே இல்லாமலும் ஆள் போயிருக்கிறது. 1973 ஏப்ரல் 12, கலிஃபோர்னியாவில் மோஃபட் ஃபீல்ட். அமெரிக்கக் கடற்படையின் பி-3 ரோந்து விமானம் இடது ஓடுபாதையில் இறங்கி ஏறிப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நாசாவின் பெரிய ஜெட் ஒன்றை வலது ஓடுபாதைக்கு அனுப்ப நினைத்த கட்டுப்பாட்டாளர், வாய் தவறி இடது என்று சொல்லிவிட்டார். ஜெட் மேலே வந்து மோதியது. இரண்டு விமானத்திலும் இருந்த 17 பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். நம்ம ஸ்பின்னிங் மில் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினின் இரண்டு முனைகளை யாரும் இடது, வலது என்று சொல்வதில்லை. கியர் எண்ட், ஆஃப் எண்ட்தான். எந்தப் பக்கம் நின்று சொன்னாலும் அர்த்தம் மாறாது. ஆனால் அதே மில்லின் பாய்லர் வீட்டில் "லெஃப்ட் வால்வை மூடு" என்று போனில் கத்துகிறார்கள். ஆபரேட்டர் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறாரோ, யார் கண்டது?

அதே மோஃபட் ஃபீல்டைச் சேர்ந்த இரண்டு பி-3 விமானங்கள் 1991 மார்ச் 21 அன்று சான் டியேகோவுக்கு அப்பால் கடலுக்கு மேல் மோதிக்கொண்டன. நள்ளிரவு தாண்டிய நேரம், மோசமான வானிலை. ஒன்று முடித்துக்கொள்ள, இன்னொன்று அந்த வேலையை ஏற்க வந்திருந்தது. சுருக்கமாகச் சொன்னால் ஷிஃப்ட் மாற்றம். 27 பேர் போனார்கள். ராத்திரி ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம் மெஷின் யார் கையில் இருக்கிறது என்று உங்கள் யூனிட்டில் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் அடுத்தவரைக் கை காட்டினால் எனக்குப் போன் செய்யுங்கள்.

சரி, டப்பாவுக்கு வருவோம். மேனேஜரிடம் கேஸ்கட்டை (இணைப்புக்கு நடுவே வைக்கும் அடைப்பு வளையத்தை) மாற்றச் சொன்னதோடு நிற்கவில்லை, ஃபிளாஞ்சை ஒட்டி இரண்டு அடிக்குக் காப்பையும் பிரிக்கச் சொன்னேன். குழாய்க்குக் காப்பாகச் சுற்றும் ராக்வுல் பஞ்சு, தெர்மிக் ஆயிலில் ஊறிவிட்டால் ஒரு விசேஷமான எதிரி. எண்ணெய் நார்களுக்குள் பரவி, காற்றோடு வினை புரிந்து, தானாகவே சூடேறிக் கனலத் தொடங்கும். மேலே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும். பக்கத்தில் ஸ்டென்டரின் பஞ்சுத் தூசி வேறு. "ஆர்டர் நிக்குதுங்க, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமுங்க" என்றார். அதுவரைக்கும் அங்கே ஒரு ஆளை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை நானும் போய் நின்றேன்.

குழாய் ஆறிய பிறகு ஃபிட்டர் தகட்டை வெட்டினார். மேலடுக்கு மஞ்சள், அடுத்தது காபி நிறம். குழாயை ஒட்டிய அடுக்கைத் தொட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஒன்றும் பேசாமல் போல்ட்டைக் கழற்றினார். கேஸ்கட் மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"டப்பாவைக் கழட்டிறலாங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இருக்கட்டுங்க," என்றார் ஃபிட்டர். "இனி ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியுமுங்களே."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அடுத்த மாதம் போனபோது முதல் வேலையாக டப்பாவை எட்டிப் பார்த்தேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. உள்ளே ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன.