கரையொதுங்கிய எலும்புக்கு நாலு கோடி வயது ஆகாது

கடலரிப்பு தொடங்கினாலே என் போனுக்கு எலும்புப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். நிலவியல் படித்த பாவம்! இந்த ஆனியில் குளச்சல் பக்கமிருந்து வந்த படத்தில், ஒரு முதுகெலும்பை ஆசிட் ஊற்றிக் கழுவி, வார்னிஷும் அடித்துத் திண்ணையில் வைத்திருந்தார்கள். "சார், குஜராத்ல கிடைச்ச கால் உள்ள திமிங்கிலம்தானே இது? எவ்வளவு போகும்?"

குஜராத்தில் கிடைத்தது உண்மைதான். கட்ச் பகுதியின் ஹாருடி பாறைகளில் கிடைத்த ரெமிங்டனோசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலம் 4 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. நீண்டு ஒடுங்கிய மூக்கு, சின்னக் கண்கள், நான்கு கால்கள். 1975இல் சானி, மிஸ்ரா என்ற ஆய்வாளர்கள் அதைப் புரோட்டோசீட்டஸ் என்ற இன்னொரு ஆதித் திமிங்கிலத்தின் பேரினத்தில்தான் சேர்த்தார்கள். 1986இல் குமாரும் சானியும் அதற்குத் தனிப் பேரினமும், ரெமிங்டனோசீட்டிடே என்ற தனிக் குடும்பமும் வகுத்தார்கள். 2000இல் அறிவித்த குட்சிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலமும் அதே குடும்பம்தான். மண்டையோடும் தாடையும் இருந்ததால், எந்தப் படுகையில் கிடைத்தது என்ற குறிப்பும் இருந்ததால் இவ்வளவும் முடிந்தது. ஆசிட்டில் குளித்த ஒற்றை எலும்பை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

"அங்க இருந்தா இங்கயும் இருக்குமே" என்பதுதான் எனக்குத் தாங்காத வாதம். கட்சில் இருப்பது, அந்தத் திமிங்கிலம் வாழ்ந்த இயோசீன் காலத்துக் கடலில் வண்டல் படிந்து உண்டான பாறை. நம் குமரி மாவட்டத்தின் அடிப்பாறை சார்னோகைட், காண்டலைட். பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறியவை. திமிங்கிலம் என்றொரு பிராணியே தோன்றாத காலத்தவை. அதில் எலும்பைத் தேடி என்ன பயன்? அப்புறம் கடற்கரை மணல், அது நேற்றையது. செத்து ஒதுங்கும் திமிங்கிலத்தை மணலில் குழிதோண்டிப் புதைப்பது வழக்கம். சில வருஷம் கழித்து ஆனி ஆடிக் கடல் அதே குழியை அரித்துத் திறக்கும். உங்களுக்கு 'புதையல்' கிடைக்கும்!

கறுத்திருந்தால் பழசு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! சேற்றில் கிடந்த எலும்பும்தான் கறுக்கும். படத்தில் வந்த எலும்பில் பஞ்சுபோன்ற துளைகள் திறந்தே இருந்தன. உள்ளிருந்த எண்ணெய் கசிந்து வார்னிஷுக்கு அடியில் மஞ்சள் திட்டாகப் படர்ந்திருந்தது. இரு முனைகளிலும் வட்டத் தட்டுகள் கழன்றிருந்தன. வளர்ந்து முடிந்த பிறகுதான் அந்தத் தட்டுகள் எலும்போடு ஒட்டும். அப்படியானால் இது முழுதாக வளராத இக்காலத் திமிங்கிலம். கல்லாகிப்போன எலும்பில் எண்ணெய் ஏது?

பழசா என்று சோதிக்க லைட்டரால் சுட்டுப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், விற்கவே விற்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி திமிங்கில எலும்பு அரசுச் சொத்து. கைக்கு வந்துவிட்டால், வந்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிலோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும்.

வலை இழுக்கும் அண்ணன்மாரே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தையும் குறித்து அனுப்புங்கள். முஷ்டி அளவில், கிண்ணம்போல் குழிந்த கெட்டி எலும்பு அருகில் கிடந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அது காதெலும்பு. எந்த வகைத் திமிங்கிலம் என்று சொல்ல, மற்ற எலும்புகளைவிட அதுதான் எனக்கு உதவும்.