பழவேற்காட்டுக்குக் கேரவன்: உப்பு போடும் கணக்கு

கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். இப்போது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு குடும்பமாகப் போய்வரவும் அந்த மாதிரி வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வண்டி கைக்கு வந்ததும் பலர் மலைக்குத்தான் கிளம்புகிறார்கள். அவ்வளவு நீள வண்டியைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒடித்துத் திருப்பும் அவஸ்தை எதற்கு என்று எனக்குத் தோன்றும். சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், ஒரு மேடுகூட ஏறாமல் போய்ச்சேரக்கூடிய பழவேற்காடு இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அது.

போவதற்குத் திட்டம் போடும்போது எல்லோரும் முதலில் லீவு என்றைக்கு என்று பார்ப்பார்கள். இந்த ஏரிக்கு அது போதாது. எந்த மாதம் போவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது, திரும்பியதும் என்ன செய்வது, எல்லாவற்றையும் தீர்மானிப்பது உப்புதான்.

முதலில் ஏரிக்குள் உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளும் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது; தெற்கு நுனிதான் நமக்கு. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஒரு நீண்ட மணல் தடுப்பாகக் கிடக்கிறது. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், அதாவது பெரியவர்களுக்கு இடுப்பளவு. ஆரணி ஆறும் காலங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. பழவேற்காடு ஊருக்கு அருகே உள்ள முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 18 சென்டிமீட்டர் போய்விடும். ஆழமான கடலுக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு மீட்டர் ஏரிக்கோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத் தண்ணீரில் 35 கிராம் என்பது 43 கிராம் பக்கம் ஏறிவிடும். இன்னொன்றும் நடக்கிறது: குறைந்த இடத்தை நிரப்பக் கடல் உள்ளே வரும்போது உப்போடு வருகிறது, ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் கிளம்புகிறது. வரவு உண்டு, செலவு இல்லை. அதனால்தான் கோடையில் ஏரியின் பல இடங்கள் கடலைவிட அதிகமாக உவர்க்கின்றன. முகத்துவாரத்துக்குத் தூரமான வடபகுதியில் தண்ணீர் வற்றி வெள்ளை உப்புப் பொருக்கே படிந்துவிடும்.

அப்புறம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. சென்னைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. ஆறுகள் பெருகி வந்து, ஏரியின் சில இடங்கள் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகவே மாறிவிடும். ஒரே ஏரி ஆண்டுக்குள் குளமாகவும் உப்பளமாகவும் வேஷம் மாற்றுகிறது.

இதில் முகத்துவாரத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. நம் கரையை ஒட்டி அலைகள் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் போகிறது. மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்: 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும், வந்த மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலப்படுத்தியது, மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கடல் அரிக்க ஆரம்பித்தது. அதே மாதிரி நகர்ந்து போகும் மணல்தான் பழவேற்காட்டு முகத்துவாரத்திலும் குவிகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதைத் தள்ளிக் கடலில் கொட்டும். வெள்ளம் ஓய்ந்ததும் வாய் மெல்ல மெல்ல குறுகும், சில ஆண்டுகளில் அடைத்தே போகும். கடலில் முட்டையிட்டுப் பிறக்கும் இறால் குஞ்சுகள் வளர்வதற்கு ஏரிக்குள் வர வேண்டும், வளர்ந்ததும் கடலுக்குத் திரும்ப வேண்டும். வாய் அடைத்தால் மீனவர்களுக்கு உலை கொதிக்காது. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று பாடு முறை வைத்துப் பங்கிட்டு வாழ்பவர்கள் அவர்கள்.

முகத்துவாரத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கரையிலிருந்து பாருங்கள். பல சதுர கிலோமீட்டர் பரப்பில் நிற்கும் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதத்தில் ஏறி, வற்றத்தில் இறங்குவது அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான். இழுப்பு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். இடுப்பளவு ஏரிதானே என்று யாராவது படகுக்குக் கூப்பிட்டால், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற வேண்டாம்.

சரி, எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரி என்பேன். பூநாரைகள் அதற்குப் பதில் சொல்லும். பூநாரை காலால் நின்றுகொண்டு, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு மேயும் பறவை. நாக்கு முன்னும் பின்னும் போய் நொடிக்குப் பல முறை தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கும் தகடுகள் சிறு பூச்சி, இறால் வகை, பாசி ஆகியவற்றை மட்டும் வடித்து நிறுத்திக்கொள்ளும். மழை ஓய்ந்து தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கும்போதுதான் இது வசதிப்படும். அந்த ரோஜா நிறம்கூடப் பிறவியில் வந்ததல்ல. தீனியில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சேர்ந்து சேர்ந்து வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். இவ்வளவு உப்பைக் குடித்தும் அது சாகாததற்குக் காரணம், கண்ணுக்கு மேல் உள்ள உப்புச் சுரப்பி. மிஞ்சிய உப்பைக் கெட்டிக் கரைசலாக்கி மூக்கு வழியாக வெளியேற்றிவிடுகிறது.

பூநாரைதான் நோக்கம் என்றால் பழவேற்காடு ஊரைவிட, கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா தாண்டி சூளூர்ப்பேட்டை போய், அங்கிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் போவது நல்லது. இருபக்கமும் பறவைகள் நிற்கும். சாலையின் மறுமுனையில் ராக்கெட் தளத்தின் வாசல். அனுமதி இல்லாமல் அதற்கு மேல் போக முடியாது. வாடகை வண்டியாக இருந்தால் ஆந்திரா பெர்மிட்டை முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ஏரிக்கரைச் சேறு காய்ந்து வெடித்து, மேலே மெல்லிய உப்புத் தோலோடு, பார்க்க சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். இறங்கி நடந்து பார்ப்பார்கள், தாங்கும். உடனே வண்டியை இறக்குவார்கள். 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம்கூட வராது. டயர் கதை வேறு. அது தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். 60 பவுண்ட் காற்று அடித்த டயர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல். அதாவது உங்கள் காலைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. மேல் தோல் இரண்டு விரல் கனம்தான். அடியில் ஈரம் போகாத களிமண். உப்பு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் அது கோடையில்கூட முழுதாகக் காய்வதில்லை. தோல் உடைந்ததும் சக்கரம் சுழலச் சுழலக் களி இன்னும் இளகும், வண்டி அச்சுவரை உட்காரும். அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும், "தண்ணி கிட்ட இறக்காதீங்க சார், டிராக்டர் வந்துதான் இழுக்கணும்" என்பார். கப்பி போட்ட தரையோ பழைய செம்மண் மேடோ பார்த்து நிறுத்துங்கள். இரு மாநிலப் பகுதிகளும் பறவைகள் சரணாலயம் என்பதால், ஏரிக்கரையில் இரவு தங்க வனத்துறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பொன்னேரியிலோ சூளூர்ப்பேட்டையிலோ நிரப்பிக்கொள்வது உத்தமம். ஆளுக்கு நாளைக்கு 20 லிட்டர் என்றாலும் நான்கு பேருக்கு இரண்டு நாளைக்கு 160 லிட்டர், அதாவது வண்டியில் 160 கிலோ கூடுதல் பாரம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஏரியில் கொட்டிவிடாதீர்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். மிச்சம் 900. ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்துக்குள் அதைக் குடித்துவிடும். இரண்டு மின்விசிறியும் விளக்கும் என்றால் விடியும் வரை தாங்கும். தை மாதத்து இரவுக்கு ஏசியே வேண்டாம். கொசுவலை கட்டாயம் வேண்டும்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி. காற்றிலும் சேற்றிலும் வந்த உப்பு வண்டியின் அடியில் ஒட்டியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே ஈரமாகும். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் கல் உப்பு கசிகிறதே, அதே வேலைதான் சேஸிஸ் இடுக்கிலும் நடக்கிறது. சென்னையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டிவிடும் என்பதால், நிறுத்திவைத்த வண்டியில் உப்புக் கரைசல் ராத்திரிதோறும் தயாராகும். அது மின்சாரத்தைக் கடத்தும் திரவம். இரும்பு துருப்பிடிப்பதற்கு வேறென்ன வேண்டும். அதனால் வந்த மறுநாளே வாட்டர் சர்வீஸில் விட்டு, லிஃப்டில் ஏற்றி, அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். உங்கள் பகுதி போர் தண்ணீரே உப்பாக இருந்தால், லாரித் தண்ணீர் வாங்கும் கடையாகப் பார்த்து விடுங்கள். மேலே ஷாம்பு போட்டுப் பளபளப்பாக்குவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.