அசேலியா மஞ்சளானால் முட்டை ஓடு போடாதீர்கள்

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா தொட்டியை மடியில் வைத்தபடியே ஆட்டோவில் வந்து என் நர்சரி வாசலில் இறங்கினார். ஊட்டியில் வாங்கிய அசேலியா பூச்செடி. இளம் இலையெல்லாம் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மண்ணைக் கிளறினால் முட்டை ஓடு.

"ஆர்.ஓ. மெஷின்ல வீணாப் போற தண்ணிய இதுக்குத்தான் சார் ஊத்துறேன். சாம்பல்கூடப் போட்டேன்" என்றார்.

இந்த வருடம் இதே கதையோடு வந்த ஆறாவது தொட்டி இது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அசேலியா புளிப்பு மண்ணில் வாழும் செடி. நீலகிரி மலையில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் காட்டுப்பூவரசுக்குச் சொந்தம். மண்ணின் கார அமில நிலை (pH) 4.5 முதல் 6 வரை இருந்தால் அதற்குச் சுகம். அதைத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாவது அதனால்தான், பசியால் அல்ல. முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, சாம்பல் காரம். பக்கெட்டிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படிகிறதே, நம் போர்வெல் தண்ணீரில் இருப்பதும் அதே சுண்ணாம்புதான். ஆர்.ஓ. கழிவு நீரில் அந்த உப்பு இன்னும் செறிவாக இருக்கும். தயவுசெய்து அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சத்து என்று நினைத்து இதையெல்லாம் போடப் போட, செடியின் வாயைத்தான் கட்டுகிறீர்கள்.

மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிறிய இலையைப் பார்த்ததுமே "அன்னபேதி அடிக்கணும்" என்பார். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட் உப்பு. உங்கள் வீட்டு இட்லிப்பூச் செடி வெளிறுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வழி இருக்கிறது. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். கோடையில் ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, அதுவும் நல்லது. அன்னபேதி உப்பு லிட்டருக்கு 2 கிராம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) சேர்த்துக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். இது முதலுதவிதான். தண்ணீரை மாற்றாவிட்டால் அடுத்த தளிரும் மஞ்சளாகவே வரும்.

வேர் மயிர் போல மெல்லியது, மேலாகவே ஓடும். ஆழமாக நடாதீர்கள், சுற்றிக் கொத்தவும் வேண்டாம். நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவும் இலைமட்கும் போதும். நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும். வாங்கிவந்த செடியின் வேர்க்கட்டி ஒருமுறை காய்ந்துவிட்டால், மேலே ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். தொட்டியோடு பக்கெட்டில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை விட்டு எடுங்கள்.

"எவர்கிரீன்" என்று சொல்லி விற்கிறார்கள். மொத்த இலையையும் ஒரேயடியாக உதிர்க்காது என்பதுதான் அதற்கு அர்த்தம். 40 டிகிரி தாண்டும் வேலூர் மே மாதத்தைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. காலை வெயில் மட்டும் காட்டுங்கள், அப்புறம் நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரோரம் வேண்டவே வேண்டாம். இவ்வளவு செய்தாலும் இங்கே ஊட்டி போலப் பூக்காது. மொட்டு ஒழுங்காக விரியக் குளிர் வேண்டும். ஏலகிரியில் வீடு இருந்தால் அங்கே வையுங்கள், சுமார் 1,100 மீட்டர் உயரம், செடி கொஞ்சம் மூச்சு விடும்.

கிளை வெட்டுவதானால் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த மொட்டும் சேர்ந்து போய்விடும். வெட்டியதைச் சுவருக்கு வெளியே மட்டும் வீசாதீர்கள். இலையும் பூவும் விஷம். தெருவில் ஆடு மேயும் ஊர் இது. தின்ற ஆடு நுரை தள்ளி வாந்தி எடுத்தால், ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். கைக்குழந்தையோ நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.