கேமரா வாங்கியவர் சொல்வதை எப்படிப் படிப்பது?

டிஜிட்டல் கேமரா பழுதுபார்ப்பது என் தொழில். கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்கள் பழுதைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை, ஒரு தீர்ப்பையும் சேர்த்தே சொல்கிறார்கள். "இந்த மாடலே மட்டம் சார்." "வாங்கின நாள்லேர்ந்து ஃபோகஸ் சரியா வரல." "தானா நின்னுபோச்சு, நான் ஒண்ணுமே பண்ணல." இதே வாக்கியங்கள்தான் நட்சத்திர மதிப்பீட்டோடு வாடிக்கையாளர் கருத்து என்று எழுதப்படுகின்றன. அடுத்து வாங்கப்போகிறவர் அவற்றைப் படித்துத்தான் முடிவு செய்கிறார்.

கேமராவைத் திறந்து உள்ளே பார்க்கும் வேலை என்னுடையது என்பதால், சொன்னது என்ன, நடந்தது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. வாங்கியவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள், எந்த வெளிச்சத்தில் எதைப் படம் எடுத்தார்கள் என்பதெல்லாம் தெரியாதவரை அந்தக் கருத்தை வைத்து ஒரு கேமராவை வாங்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

முதலில் காலத்தைப் பாருங்கள். பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படும் கருத்துகள் ஏராளம். அந்த ஒரு வாரத்தில் ஒருவருக்குத் தெரிய வருவது கையில் பிடிக்கும் வசதி, மெனு புரிகிறதா என்பது, திரை வெயிலில் தெரிகிறதா என்பது, நிறம் மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்பது. இவையும் வேண்டிய தகவல்கள்தான். ஆனால் ஜூம் மோட்டார் எத்தனை நாள் தாங்கும், பிடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் எப்போது கழன்று வரும், பின்பக்கச் சக்கரம் எப்போது ஒரு கிளிக்குக்கு இரண்டாக நகர ஆரம்பிக்கும், பேட்டரி மூடியின் கொக்கி எப்போது உடையும் என்பதெல்லாம் அந்த வாரத்தில் யாருக்கும் தெரியாது. என் மேசைக்கு வருபவை எல்லாம் இந்த இரண்டாவது வகைச் சங்கதிகள்தான்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2005 அக்டோபரில் சோனி தன்னுடைய சில சிசிடி சென்சார்களில் (லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லில் ஒரு வகை) குறைபாடு இருப்பதாக அறிவித்தது. அந்தச் சென்சார்கள் சோனி கேமராக்களில் மட்டும் இல்லை; கேனன், நிக்கான், ஃபியூஜிஃபிலிம், ஒலிம்பஸ் என்று பல நிறுவனங்களின் கேமராக்களிலும் இருந்தன. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான சூழலில் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. படம் முழுக்கக் கறுப்பாக வரும், அல்லது ஊதா நிறமேறிக் கோணலாக நெளிந்து வரும். அந்த நிறுவனங்கள் அடுத்தடுத்து இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தன. இந்தக் கேமராக்களை வாங்கிய முதல் மாதத்தில் மெச்சி எழுதியவர்கள் எழுதியதில் ஒரு தவறும் இல்லை. அப்போது கேமரா நன்றாகத்தான் இருந்தது. வறண்ட, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் நன்றாகவே இருந்திருக்கலாம். ஒரே கேமரா, இரண்டு தட்பவெப்பம், இரண்டு கருத்து.

வாங்கியவர்களின் குரலை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. நிக்கான் டி600 கதை அதற்கு நேர் எதிரானது. 2012 செப்டம்பரில் வந்த அந்தக் கேமராவில், சில நாட்களிலேயே படத்தின் இடது மேல் மூலையில் கறும்புள்ளிகள் சேர்வதாக உரிமையாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் வெறுமனே "மோசம்" என்று எழுதிவிட்டுப் போகவில்லை. அபர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கி (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்), வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, எத்தனை கிளிக்குகளுக்குப் பிறகு எங்கே எத்தனை புள்ளி என்று படத்தோடு காட்டினார்கள். 2013இல் நிறுவனம் அறிவுரைக் குறிப்பு வெளியிட்டது, அதே ஆண்டு அக்டோபரில் புது ஷட்டர் (வெளிச்சத்தை விட்டு மூடும் திரை) அமைப்போடு அடுத்த மாடலான டி610 வந்தது, 2014இல் உத்தரவாதக் காலம் முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். புகாரில் ஒழுங்கு இருந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒரே பழுதைப் பலர், தனித்தனியாக, ஒரே மாதிரி விவரித்தால் அதை நம்புங்கள். பத்துப் பேர் பத்து விதமாகக் குறை சொன்னால், ஒவ்வொருவரும் கேமராவை என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேடுங்கள்.

"தானா நின்னுபோச்சு" என்பதற்கு வருகிறேன். சட்டைப் பையில் அடங்கும் ஜூம் கேமராக்களுக்கு வரும் பழுதுகளில் எனக்கு மிகவும் பழக்கமானது லென்ஸ் எரர். ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வரும், கறகறவென்று ஒரு சத்தம், பிறகு திரையில் "லென்ஸ் பிழை, அணைத்து மீண்டும் இயக்கவும்" என்று ஒரு வரி. அந்த லென்ஸ் குழலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கும். அவற்றின் உள்சுவரில் சரிவான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் ஓடும் சின்னஞ்சிறு முனைகள்தான் லென்ஸை வெளியே தள்ளி உள்ளே இழுக்கின்றன. அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு மணல் பொடி போதும். கடற்கரையில் கைப்பையின் அடியில் ஒதுங்கியிருந்த மணல், பல வாரம் கழித்து ஒருநாள் உள்ளே நுழையும். முனை சிக்கும், மோட்டார் திணறும், பல்சக்கரத்தின் பல் ஒன்று முறியும். உரிமையாளர் அன்றைக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

இன்னொரு காரணம் பையில் இருக்கும்போதே பவர் பட்டன் அழுந்துவது. லென்ஸ் வெளியே வரப் பார்க்கும், துணி தடுக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் பள்ளத்திலிருந்து முனை விலகிவிடும். இந்த இரண்டுமே மாடலின் குறை என்று எழுதப்படுகின்றன. சில மாடல்களில் பவர் பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது நிஜமான வடிவமைப்புக் குறைதான், அதைக் குறிப்பிட்டு எழுதுபவர் மற்றவர்களுக்குப் பெரிய உதவி செய்கிறார். "லென்ஸ் சிக்கிக்கொண்டது, ஒரு நட்சத்திரம்" என்று முடிப்பவரிடமிருந்து கிடைப்பது கோபம் மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காணொளி பார்த்து வீட்டிலேயே கேமராவைத் திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் வரை இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்காது. தொட்டால் கையை உதறித் தள்ளும், இதய நோயாளிக்கு அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

"ஃபோகஸ் வரல" என்ற புகாரோடு வரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். படத்தில் எங்காவது ஒரு விளக்கோ கண்ணாடியில் மின்னும் ஒளிப்புள்ளியோ இருக்கும். அந்தப் புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. வட்டமாகப் பரவியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. பின்னால் இருக்கும் நாற்காலி கூர்மையாக இருந்து, ஓடும் குழந்தை மட்டும் கலங்கியிருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. வீட்டு விளக்கில் ஆட்டோவில் விட்டால் கேமரா 1/30 நொடியைத் தேர்ந்தெடுக்கும். ஓடுகிற குழந்தைக்கு 1/250 ஆவது வேண்டும். அசைவு தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது நம் கையின் நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே ஓடுபவரை நிறுத்தாது.

ஜூம் பற்றிய கருத்துகளிலும் இதே குழப்பம். 30 மடங்கு ஜூம் உள்ள சிறிய கேமராக்கள் பலவற்றில் அகலக் கோணத்தில் எஃப் 3.3 என்று இருக்கும் லென்ஸ், முழுதாக நீட்டும்போது எஃப் 6.4 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகக் குறைகிறது. பகல் வெளிச்சத்தில் பறவையை எடுத்தவர் ஐந்து நட்சத்திரம் தருவார், மாலை விழாவில் மேடையை எடுத்தவர் ஒன்று தருவார். இரண்டு பேருமே சரி. நீங்கள் எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து யார் சொல் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.

மெகாபிக்சலைப் பார்த்து மகிழ்ந்து எழுதப்படும் கருத்துகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சின்னக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் 1/2.3 அங்குல வகைச் சென்சார் சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதைவிடப் பெரிய சென்சார் வகைகளில் 1 அங்குல வகை 13.2 x 8.8, ஏபிஎஸ்-சி சுமார் 23.5 x 15.6, ஃபுல் ஃப்ரேம் 36 x 24. முதலாவதற்கும் கடைசியானதற்கும் பரப்பளவில் ஏறத்தாழ 30 மடங்கு வித்தியாசம். இரண்டிலும் 20 மெகாபிக்சல் என்று அச்சிட்டிருக்கலாம், ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது. 6 x 4 அங்குலப் பிரிண்டுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் தேவைப்படுவது 2.2 மெகாபிக்சலுக்கும் குறைவு.

பேட்டரி விஷயத்தில் "300 படம் என்று போட்டிருக்கிறார்கள், பாதிகூட வரவில்லை" என்று நிறையப் பேர் ஏமாற்றமடைகிறார்கள். அந்த எண் ஜப்பானின் சிபா அமைப்பு வகுத்த ஒரே சோதனை முறையில் கிடைப்பது: 30 நொடிக்கு ஒரு படம், ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ், இடையில் ஜூம் அசைவு, அவ்வப்போது அணைத்து ஆன் செய்வது. ஃபிளாஷ் இல்லாமல் வரிசையாக எடுப்பவருக்கு அதைவிட அதிகமாகவே கிடைக்கும். வீடியோவும் வைஃபையும் பயன்படுத்துகிறவருக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது. இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அது உதவும்.

கேமராவின் தலையில் விழும் பழிகளில் சில மெமரி கார்டுக்குச் சேர வேண்டியவை. "வீடியோ பாதியில் நின்றுவிடுகிறது" என்றால் முதலில் கார்டை மாற்றிப் பார்ப்பேன். கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் கிளாஸ் 10 என்பது நொடிக்குக் குறைந்தபட்சம் 10 எம்பி எழுதும் என்ற உறுதி, வி30 என்பது 30 எம்பி. நொடிக்கு 100 மெகாபிட் பதிவாகும் 4கே வீடியோவுக்கு (8 மெகாபிட் ஒரு எம்பி) நொடிக்கு 12.5 எம்பி தேவை, கிளாஸ் 10 உறுதி அங்கே போதாது. போலி கார்டு இன்னும் கொடியது. வெளியே 128 ஜிபி என்று ஒட்டியிருக்கும், உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். நிரம்பியதும் பழைய கோப்புகள் மீதே எழுதும், அல்லது வெற்றுக் கோப்பாக விட்டுவிடும். கேமராவில் எண்கள் சரியாகவே காட்டும். கல்யாணப் படங்களோடு இப்படி வந்து நின்றவர்களுக்கு என்னால் எதையும் மீட்டுத்தர முடிந்ததில்லை. புதுக் கார்டு வாங்கினால் முழுக்க நிரப்பி, கணினியில் ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு முக்கியமான நிகழ்ச்சிக்குக் கொண்டுபோங்கள்.

பழுதே இல்லாத இரண்டு புகார்கள் அடிக்கடி வருகின்றன. ஃபிளாஷில் எடுத்த படத்தில் வெள்ளை வட்டங்கள் மிதப்பது ஒன்று. லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசிமீது ஃபிளாஷ் பட்டுத் திரும்புவதால் வருவது அது. சின்னக் கேமராக்களில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் அதிகம் தெரியும். மற்றொன்று, தேதி மறந்துபோவது. உள்ளே கடிகாரத்துக்கென்று சிறிய பேட்டரி இருக்கும். பல மாடல்களில் முதன்மைப் பேட்டரியைச் சார்ஜோடு ஒருநாள் உள்ளேயே விட்டுவைத்தால் அது தானாக நிரம்பிக்கொள்ளும்.

பழைய சிசிடி கேமராக்களின் நிறத்துக்காக இப்போது இளைஞர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள், பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அந்த மாடல் புதிதாக வந்தபோது எழுதிய பாராட்டை வைத்து 20 ஆண்டு பழைய கேமராவை வாங்காதீர்கள். 2005 அறிவிப்பில் அந்த மாடல் உண்டா என்று தேடுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் அது பூஞ்சை, நாள்பட்டிருந்தால் கண்ணாடியின் பூச்சை அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. ஈரக்காற்று உள்ள இடத்தில் தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள். இவ்வளவு போதும்.

நீங்களும் உங்கள் கேமராவைப் பற்றி எழுதுவீர்கள். அப்போது எத்தனை மாதமாக வைத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் எதை எடுக்கிறீர்கள், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இயங்கும் மென்பொருள்) எந்தப் பதிப்பு, எந்தக் கார்டு என்று நாலு வரி சேருங்கள். ஃபர்ம்வேர் புதுப்பித்ததும் ஃபோகஸ் வேகம் மாறிய கேமராக்கள் உண்டு, அதனால் இந்த ஒரு தகவல் படிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் செய்யும். குறை சொன்னால் மாற்றாத, திருத்தாத படத்தோடு சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து அதே கருத்துக்குக் கீழே திரும்பி வந்து, பட்டன்கள், பிடி ரப்பர், ஜூம் சத்தம், பேட்டரி உப்பியிருக்கிறதா என்பதையும் எழுதிவிடுங்கள்.