சட்ட டிப்ளமோ எல்எல்பி-க்குக் குறுக்குவழி அல்ல: டெல்லித் தமிழ்ப் பிள்ளைகள் கவனத்துக்கு

கரோல்பாக், முனிர்கா, மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "முதல்ல லா-வுல ஒரு டிப்ளமோ முடிச்சிட்டா, எல்எல்பி-ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாமா சார்?" முடியாது. டிப்ளமோவுக்காக எல்எல்பி-யில் ஒரு செமஸ்டர்கூடக் குறையாது.

வக்கீல்களையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் இருப்பவை இரண்டே வழிகள். பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது ஏதேனும் ஒரு டிகிரி முடித்து மூன்றாண்டு எல்எல்பி. மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரியில் பொதுப் பிரிவினர் குறைந்தது 45% எடுத்திருக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் 50% கேட்கிறது. அங்கே சேர எழுத வேண்டிய பொது நுழைவுத்தேர்வு க்யூட் பிஜி (CUET PG). டிகிரியைத் தொலைநிலையில் படித்திருந்தாலும் செல்லும். ஆனால் பிளஸ் டூ போன்ற அதற்குரிய அடிப்படைப் படிப்பில் தேறாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது. சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் இதைத் தெரிந்துகொள்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

எல்எல்பி-யையே தபாலில் தருவதாக யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஊரில் பலர் தபாலில் படித்த பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டமும் அப்படித்தான்; சட்ட அறிவு தரும், வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமமான சன்னது தராது.

அப்படியானால் டிப்ளமோ எதற்கு? சட்டம் நமக்கு ஒத்துவருமா என்று மூன்று வருடத்தைச் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்ளத்தான். அதற்கு இது நல்ல வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாராலீகல் (வக்கீலுக்கு உதவும் சட்டப் பணி) டிப்ளமோவுக்குப் பிளஸ் டூ போதும். பி.ஏ., பி.காம். படித்துக்கொண்டே தொலைநிலையில் இன்னொன்றும் படிக்க யுஜிசி 2022-இல் அனுமதித்துவிட்டது. நேரத்தை மட்டும் குறைத்து எடைபோட வேண்டாம். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் சான்றிதழ்ப் படிப்பை ஆறு மாதத்தில் முடிக்க வாரம் 18 மணி நேரம் வேண்டும். அசைன்மென்டைத் தேதிக்குள் கொடுக்காமல் தேர்வைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

விடை எழுதும் முறையிலும் பலர் சறுக்குகிறார்கள். 17 வயதுப் பையன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான், அது செல்லுமா என்று கேள்வி. "செல்லாது" என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் வராது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லுமா என்பதே பிரச்சினை என்று முதலில் எழுதுங்கள். பிறகு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 10, 11 பிரிவுகள். வயதைப் பற்றிப் பிரிவு 11, வயது வந்தவராக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 18 என்ற எண் 1875 மேஜாரிட்டி சட்டத்தில் இருக்கிறது. அடுத்து மோஹரி பீபி வழக்கில் 1903-இல், அன்றைய மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது: மைனரின் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. இதையெல்லாம் அந்தப் பையனின் கதைக்குப் பொருத்திய பிறகே முடிவு.

பழைய நோட்ஸ் வாங்கும்போது கவனம். 1.7.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது; கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4). சட்ட வாசகத்தை இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

வேலையை விடாமல் எல்எல்பி படிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள்: வகுப்புகள் காலை 8 முதல் மாலை 7-க்குள்தான் நடக்கலாம், ஒவ்வொரு பாடத்திலும் 70% வருகை வேண்டும் என்பது 2008 விதி.