டெங்கு இல்லை என்பதோடு பயம் தீர்ந்துவிடாது

காய்ச்சல் வந்து நான்காவது நாள். பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு முறை வலிப்பும் வந்தாயிற்று. அந்த நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கைத் தாளைத்தான். "டெங்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க டாக்டர்" என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. தட்டணு சரியாக இருந்தால் மூளையும் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது கொசுவால் பரவும் இன்னொரு நோயான ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

தொட்டியை மூடினோம், சிரட்டையைக் கவிழ்த்தோம், பழைய டயரை அப்புறப்படுத்தினோம் என்கிறார்கள். நல்லது, விடாமல் செய்யுங்கள். ஆனால் அதெல்லாம் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது கியூலெக்ஸ் விஷ்ணுய், கியூலெக்ஸ் ட்ரைட்டேனியோரிங்கஸ் போன்ற வயல் கொசுக்கள். நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் வயலும் புல் மண்டிய வாய்க்காலும்தான் அவை பெருகும் இடம். ஏடிஸ் பகலில் வீட்டைச் சுற்றிக் கடிக்கும். இவை பொழுது சாய்ந்த பிறகு, பெரும்பாலும் வெளியில் கடிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். பகலில் முழுக்கைச் சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரவில் மாட்டுக் கொட்டகைப் பக்கத்துத் திண்ணையில் வெற்று உடம்போடு படுக்க விடுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

"எங்க ஊர்ல பன்றியே இல்லையே" என்பது அடுத்த சமாதானம். பன்றியின் உடலில் இந்த வைரஸ் வேகமாகப் பெருகும், உண்மைதான். கொக்கு, நாரை இனப் பறவைகளிலும் பெருகும். கொக்கு இறங்காத நெல்வயல் எங்கே இருக்கிறது? மாட்டின் உடலில் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகாது. ஆனால் மாட்டு ரத்தம் தேடி இந்தக் கொசுக்கள் கொட்டகையில் மொய்க்கும், பக்கத்தில் படுத்திருப்பவரையும் கடிக்கும். நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இது பரவாது, அவரைக் கடித்த கொசு வழியாகவும் பரவாது. குணமாகி வந்த பிள்ளையை யாரும் ஒதுக்க வேண்டாம். பெயரில் ஜப்பான் இருப்பதால் வெளிநாட்டு நோய் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1955-இல் இது முதலில் கண்டறியப்பட்டதே வேலூர்ப் பகுதியில்தான்.

வைரஸ் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு நோய் கடுமையாகும். மூளைக்காய்ச்சலாக மாறியவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் 100-க்கு 30 முதல் 50 பேருக்குப் பேச்சு, நடை, படிப்பு என ஏதாவதொன்றில் குறை தங்கிவிடுகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மூச்சையும் வலிப்பையும் மூளை வீக்கத்தையும் சமாளிப்பதுதான் சிகிச்சை.

காய்ச்சலோடு வாந்தி, கடும் தலைவலி, அரைத்தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மந்திரிக்கப் போய் ஒரு இரவை வீணாக்காதீர்கள். பரிசோதனைக்கு முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்காதீர்கள். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. அந்த நீரில் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோயை உறுதி செய்யச் சிறந்த வழி. முதல் சில நாட்களில் அது தெரியாமலும் போகலாம், மறுபடி நீர் எடுக்கக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

இருட்டுவதற்கு முன்பே கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். வலையை ஒட்டிக் கை கால் கிடந்தால் வெளியிலிருந்தே கடிக்கும், அகலமான வலையாக வாங்குங்கள். பன்றி வளர்ப்பவர்கள் பட்டியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வையுங்கள். விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டுங்கள். புழு கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வயல் ஒருமுறை காய்ந்தால் புழு செத்துவிடும். ஒருவர் வயலில் மட்டும் செய்து பயனில்லை, ஒரே மடையில் பாயும் வயல்கள் எல்லாம் சேர்ந்து செய்ய வேண்டும். கதிர் பூக்கும் பருவத்தில் மட்டும் காயப் போடாதீர்கள்.

தடுப்பூசி இருக்கிறது. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் அரசே இலவசமாகப் போடுகிறது: 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அந்த இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.