சொற்கள் மறந்த பிறகும்

மறதிநோய் வந்தவருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்று தெரியும்போது, குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "போன வாரம் பேசியது இந்த வாரம் நினைவில் இருக்காது. அவரோடு உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது?" நியாயமான கேள்விதான். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இப்படித்தான் எண்ணியது. ஐம்பது வயதை நெருங்கியவர்களின் மனத்தில் பேச்சுவழிச் சிகிச்சைக்கு வேண்டிய நெகிழ்வு இருக்காது என்று உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்ட் 1905-ல் எழுதினார். ஐம்பதுக்கே அந்தத் தீர்ப்பு என்றால், எண்பது வயதில், மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோயோடு வாழ்பவரை யார் அழைத்து எதிரே உட்காரவைத்திருப்பார்கள்?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கேள்விக்கு எதிர்பாராத திசையிலிருந்து விடை தருகிறது. அல்சைமர் நோயுள்ள 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும், வேறொரு வேளையில் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்து, பார்த்தது என்ன என்று கேட்டார்கள். பலருக்கு மிகச் சிறிதளவே நினைவிருந்தது. சோகக் காட்சிகளில் ஒரு விவரத்தைக்கூடச் சொல்ல முடியாதவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் காட்சிகள் எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரை அவர்களிடம் நீடித்தன. காட்சி எவ்வளவு குறைவாக நினைவிருந்ததோ, துயரம் அவ்வளவு அதிக நேரம் தங்கியது. காரணம் தெரியாத துயரத்தைச் சமாதானப்படுத்த வழியில்லை அல்லவா?

புதிய நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. உணர்ச்சியோ மூளையின் பல பகுதிகள் சேர்ந்து எழுப்புவது. பழக்கமாகப் படிந்த செயல்களுக்கும் வேறு பாதைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. மறதிநோய் உள்ளவர்களுக்கு ஏற்பப் பேச்சுவழிச் சிகிச்சையை மாற்றியமைப்பவர்கள் இந்த வேக வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: சிதைந்துவிட்ட பாதையின் மீது எந்தச் சுமையையும் ஏற்றாமல், இன்னும் திறந்திருக்கும் பாதைகளின் வழியே செல்கிறார்கள்.

பேச்சுவழிச் சிகிச்சைகளில் ஒன்றான, வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். கடந்த வாரம் மனம் எப்போது கனத்தது, அப்போது என்ன எண்ணம் ஓடியது, அந்த எண்ணத்துக்குச் சான்று என்ன என்று சிகிச்சையாளர் கேட்பார். வீட்டில் செய்ய ஒரு பயிற்சி தருவார். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒவ்வொரு படியும் நினைவாற்றலை நம்பி நிற்கிறது. மறதிநோய் உள்ளவரிடம் "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்பதே ஒரு தேர்வு வைப்பதற்குச் சமம். பதில் வராது, வராததால் வெட்கம் வரும். ஆறுதல் தேடி வந்தவர் தோற்றுப்போன உணர்வோடு எழுந்து போவார்.

ஆகவே கேள்வி நிகழ்காலத்துக்கு வருகிறது: "இப்போது மனம் எப்படி இருக்கிறது?" ஒரு மணி நேரச் சந்திப்பு அரை மணி நேரமாகச் சுருங்கும். ஒரு சந்திப்புக்கு ஒரு செய்தி போதும். அதே அறை, அதே நாற்காலி, நாளில் அவர் தெளிவாக இருக்கும் வேளை. லூயி பாடி வகை மறதிநோயில் தெளிவு மணிக்கு மணி ஏறி இறங்கும் என்பதால், அங்கே வேளை பார்ப்பது இன்னும் முக்கியம். கேள்வி கேட்டபின் காத்திருக்க வேண்டும். நமக்குச் சங்கடமான அந்த மௌனத்துக்குள் அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். நாம் குறுக்கிட்டால் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

இவற்றில் எனக்கு மிகவும் அழகாகத் தோன்றுவது, இடைவெளி கூட்டி நினைவூட்டும் முறை. தனியாக இருக்கும்போது பதற்றம் வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய சட்டைப் பையில் ஓர் அட்டை: "நான் பத்திரமாக இருக்கிறேன். மெதுவாக மூச்சு விடுகிறேன். மகள் மாலையில் வருவாள்." அட்டை எழுதுவது எளிது, அட்டை இருப்பதே மறந்துபோகும் என்பதுதான் சிக்கல். சிகிச்சையாளர் கேட்கிறார்: "பயம் வந்தால் என்ன செய்வீர்கள்?" "பையிலிருக்கும் அட்டையைப் பார்ப்பேன்" என்று சொல்லிக்கொடுத்து, உடனே திருப்பிச் சொல்லவைத்து, அட்டையைக் கையால் எடுக்கவும் வைக்கிறார். அரை நிமிடம் கழித்து அதே கேள்வி. பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. தவறினால் கடிந்துகொள்ளாமல் விடையைச் சொல்லி, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புகிறார். தவறான விடையை ஊகிக்க விடுவதில்லை. ஏனென்றால் தவறும் பழக்கமாகப் படிந்துவிடும். பல நாள் பயிற்சிக்குப் பின், சொல்லிக்கொடுத்தது யார், எப்போது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பயம் வரும்போது கை பைக்குள் போகும்.

எண்ணங்களை விசாரிக்கும் பகுதியில்தான் அதிகக் கவனம் வேண்டும். "நான் எதற்கும் பயன்படாதவன்" என்ற எண்ணத்தை மென்மையாகக் கேள்வி கேட்கலாம். "என் நினைவு போய்க்கொண்டிருக்கிறது" என்பது உண்மை. அதை மிகைப்படுத்தும் எண்ணம் என்று வாதிடுவது கொடுமை. அங்கே வேண்டியது துக்கத்துக்கு இடம் கொடுப்பது. நோய் முற்ற முற்ற, எண்ணத்தை ஆராய்வது குறைந்து, செயல் முன்னால் வருகிறது. அவருக்குப் பிடித்தது எது, அதில் இன்னும் செய்ய முடிந்த பகுதி எது என்று பார்த்து, அதை அன்றாடத்தில் சேர்ப்பார்கள். முழுத் தோட்டத்தையும் பராமரிக்க முடியாதவர் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து, வீட்டில் பயிற்சியை நினைவூட்டும் துணையாக இருப்பது பெரிய உதவி. அதில் ஆபத்தும் இருக்கிறது. அக்கறையான மகன் அப்பாவுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், பத்து நிமிடங்களில் இருவர் மூன்றாமவரைப் பற்றிப் பேசும் கூட்டமாக அது மாறிவிடும். அதனால் யாரைச் சேர்ப்பது, எவ்வளவு நேரம் சேர்ப்பது என்பதை நோயாளியிடமே கேட்டு முடிவு செய்வார்கள். தனியே பேசும் நேரமும் அவருக்கு உண்டு.

பலன் உண்டா? அல்சைமர் நோயோடு வரும் மனச்சோர்வுக்குக் கொடுத்த இரண்டு மருந்துகள் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை 2011-ல் காட்டியது. அதற்கெதிராக, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மனச்சோர்வைச் சிறிதளவு குறைப்பதாகவும், வாழ்க்கைத் தரத்தை உயர்த்தக்கூடும் என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 29 ஆய்வுகளைத் தொகுத்த தன் மதிப்பாய்வில் 2022-ல் சொன்னது. பதற்றத்தைப் பற்றி அந்த மதிப்பாய்வால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. "சிறிதளவு" என்ற சொல்லை நான் மறைக்க விரும்பவில்லை. வேறு வழிகள் மிகக் குறைவாக உள்ள ஒருவருக்கு அந்தச் சிறிதளவின் எடை வேறு.

சந்திப்பை முடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். அயோவா ஆய்வு காட்டியதுபோல, உரையாடல் மறைந்தபின் அதன் உணர்ச்சி தங்கப்போகிறது. எனவே வலிமிகுந்த பேச்சுகளை நடுப்பகுதியிலேயே பேசி முடித்துவிட்டு, கடைசிச் சில நிமிடங்களை அமைதிக்கு ஒதுக்குகிறார்கள். சேர்ந்து மூச்சுப் பயிற்சி செய்வார்கள், அல்லது அவருக்குப் பிடித்த பாட்டைக் கேட்பார்கள். அட்டையை ஒருமுறை வாசித்துப் பையில் வைத்துவிட்டு விடைபெறுவார்கள். அடுத்த வாரம் சிகிச்சையாளர் மீண்டும் தன் பெயரைச் சொல்லி அறிமுகமாவார். நோயாளிக்கு அந்தப் பெயர் நினைவிருக்காது. ஆனாலும் தயங்காமல் அந்த நாற்காலியில் வந்து உட்காருவார்.